ஒட்டுத்தாளுக்குக் கீழே

2009 செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பொதி வந்தது. வத்சலா அதை லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ஸ்கோர் இருந்தது. முப்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவில் யார் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய அகலமான புத்தகம். கறுப்பு மையில், கையால் எழுதியது. முகப்பில் ஆங்கிலத்தில் 'புதிய காலை' என்ற தலைப்பும், அதன் கீழே ஏ. யேசுரட்ணம் என்ற பெயரும் இருந்தன.

வத்சலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கிழமை நாட்களில் நூலகத்தில் வேலை. சனிக்கிழமைப் பிற்பகல்களில் பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும் வாத்தியக் குழுவில் வயோலா வாசிப்பாள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த வாத்தியம். ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது. அவளுடைய கையெழுத்து வடிவானது என்பதால், ஸ்கோரைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் அவளிடமே இருந்தது. குழுவை நடத்தியவர் ரூத் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. ஓய்வுபெற்ற பாடசாலை இசை ஆசிரியை. அந்த ஆண்டுக் கச்சேரிக்கு ரூத் ஒரு தலைப்பு வைத்திருந்தார்: 'வாய் கட்டப்பட்டவர்களின் இசை'. ஸ்டாலின் காலத்தில் எழுதிய ஒருவர், பிராங்கோ காலத்து ஸ்பெயினில் எழுதிய ஒருவர், இப்போது இலங்கையில் இருந்து எழுதும் ஒருவர். மூன்றாமவர்தான் யேசுரட்ணம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தாள் தடிப்பாக இருந்தது. வத்சலா விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தின் மேல் இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தாளில் ட்ரம்பெட்டுகளும் முரசுகளும் முழங்கி முடித்தன. புத்தகத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அடியில் பென்சில் எழுத்துத் தெரிந்தது. அங்கே ட்ரம்பெட்டும் இல்லை, முரசும் இல்லை. வயோலாக்களும் ஒரே ஒரு கிளாரினெட்டும் இருபது பார் என்னும் தாளக் கட்டங்களின் நீளத்துக்குப் போகப்போக மெலிந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் அடங்கிப் போயின.

"ஆர் இந்த யேசுரட்ணம்?" என்று தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார் அவளுடைய கணவர் ஞானேஸ்வரன்.

"கொழும்பிலை அரசாங்க வேலையாம். இசைப் பிரிவிலை. அடுத்த கிழமை இஞ்சை வாறார். கச்சேரி முடியுமட்டும் நிற்பார்."

"தமிழனோ?"

"ஓம். குருநகர் எண்டு ரூத் சொன்னவ."

ஞானேஸ்வரன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மே மாசம் சண்டை முடிஞ்சுது. ஒக்டோபரிலை ஒரு தமிழனுக்கு, அதுவும் அரசாங்கத்திலை சம்பளம் எடுக்கிறவனுக்கு, லண்டன் போட்டு வா எண்டு லீவு குடுத்திருக்கினம். சும்மா குடுப்பினமோ? நீர் ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

வத்சலா ஏற்கெனவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி துஷாந்தனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்போது வவுனியாவில் முட்கம்பி வேலிக்குள் முகாமில் இருந்தார்கள். அவளோ அந்த வருடம் ஏப்ரலில் இருந்து வேலை முடிந்த கையோடு நாடாளுமன்றச் சதுக்கத்துக்குப் போய்ப் போரை நிறுத்தச் சொன்ன கூட்டத்தோடு நின்றவள். அங்கே படம் எடுத்தவர்கள் எல்லோரும் பத்திரிகைக்காரர்கள் இல்லை என்று அப்போதே கதை இருந்தது. அவளுடைய பெயர் எங்கேயாவது ஒரு பட்டியலில் ஏறினால், அதை அனுபவிக்க வேண்டியவன் வேலிக்குள் இருந்தான்.

யேசுரட்ணம் அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தார். ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த மனிதர், வேறு யாருக்கோ தைத்தது போலத் தோள் அகன்ற கோட். எண்பதுகளில் புலமைப்பரிசிலில் மொஸ்கோ போய் இசையமைப்புப் படித்தவர் என்று ரூத் அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். வத்சலாவும் தட்டினாள். அவருடைய கண்கள் வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு போனதை அவள் கவனித்தாள்.

வந்தவுடன் அவர் கேட்ட முதல் விஷயம் வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பற்றியது. அதைக் கழற்ற வேண்டும் என்றார். தன் வாயை யாரும் கட்டவில்லை, தான் ஓர் அரச உத்தியோகத்தர், இப்படி ஒரு தலைப்பின் கீழ்த் தன் பெயர் வரக்கூடாது என்று ரூத்திடம் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். ரூத்தின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்தத் தலைப்பைச் சொல்லித்தான் அவர் டிக்கெட் விற்றிருந்தார். ஒட்டுத்தாளைப் பற்றி ரூத் கேட்டபோது, "ஒட்டியிருப்பதை வாசியுங்கள். அடியில் இருப்பது வெறும் கிறுக்கல்" என்றார் யேசுரட்ணம்.

அரசாங்கத்தின் ஆள்தான் என்று வத்சலா தனக்குள் முடிவு கட்டினாள்.

இடைவேளையில் துஷ்யா தேநீர்க் கோப்பையை இசைத்தாளின் மேல் வைக்கப் போனாள். கிளாரினெட் வாசிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். குழுவில் வத்சலாவை விட்டால் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை.

"வடிவாப் பாத்து வை பிள்ளை," என்றாள் வத்சலா. திரும்பினால் பின்னால் யேசுரட்ணம் நின்றார்.

"தங்கச்சி எந்த ஊர்?"

"சென்னை." வத்சலா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "மயிலாப்பூருங்க."

"அப்பிடியோ? மயிலாப்பூரிலையும் 'வடிவாப் பாத்து வை' எண்டுதான் சொல்லுவினமோ?"

அவளுக்கு முகம் சுட்டது. அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "இந்தக் குழுவிலை எத்தினை தமிழாக்கள் இருக்கிறியள்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டாள்.

ஒத்திகை முடிந்து வயோலாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது அவள் இன்னொன்றையும் கண்டாள். அறிவித்தல் பலகையில் குழுவினரின் பெயர்களும் தொலைபேசி எண்களும் எழுதிய தாள் ஒன்று குத்தியிருக்கும். யேசுரட்ணம் அதற்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்தார்.

வத்சலா நேரே ரூத்திடம் போனாள். ரூத் நம்பவில்லை. தான் எழுதிய இசையை ஒரு முழு வாத்தியக் குழு வாசித்து அந்த மனிதர் இதுவரை கேட்டதில்லை, சந்தோஷத்தில் கண்டதையெல்லாம் படம் எடுக்கிறார் என்றார்.

"வாத்தியங்களைப் படம் எடுத்தால் சந்தோஷம் என்று சொல்லலாம்," என்றாள் வத்சலா. "தொலைபேசி எண்களை ஏன் எடுக்கிறார்?"

ரூத் இசைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார். வீட்டில் ஞானேஸ்வரன் பதில் சொன்னார்: "நாளைக்கே விட்டிட்டு வாரும். வயோலா வாசிக்காட்டில் ஒருத்தரும் சாகமாட்டினம்."

அவள் விடவில்லை. விட்டாலும் பலகையில் பெயர் இருந்தது, அது போன இடத்துக்குப் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியாமல் வீட்டில் இருப்பதுதான் அவளுக்கு ஏலாத காரியமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவள் யேசுரட்ணத்தின் பின்னால் போனாள். பிளேஸ்டோ நிலையத்தில் அவர் ஏறிய ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினாள். ஈஸ்ட் ஹாமில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தார். அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத கடை கிடையாது. தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று சேலைத் தொங்கல்களுக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். அவர் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறக் கோட் போட்ட ஒருவர் முன்னமே உட்கார்ந்திருந்தார். யேசுரட்ணம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் கோட் அதை விரித்துப் படித்து, ஏதோ இரண்டு கேள்வி கேட்டு, தாளை உள்ளே வைத்துக்கொண்டு, வந்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வத்சலா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அந்தாள் ஆர்?"

யேசுரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிடவில்லை. "இருங்கோ தங்கச்சி."

"நான் நிண்டுகொண்டே கேக்கிறன். எங்கடை பேரைக் குடுத்தனீங்களோ?"

"பேர் குடுத்தனான்." அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இருபத்தெட்டுப் பேர். குழுவிலை நீங்கள் முப்பது பேர் இருக்கிறியள்."

அவள் உட்கார்ந்தாள். அவர் இன்னொரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். எழுதிப் பார்த்த பிரதி என்றார். வயலின்காரர்களில் இருந்து முரசுக்காரர் வரை பெயர்கள் ஒழுங்காக இருந்தன. வயோலா வரிசையில் மூன்று பெயர். நாலாவதாக அவள் பெயர் இல்லை. கிளாரினெட்டில் ஒரே ஒரு வெள்ளைக்காரரின் பெயர். துஷ்யா இல்லை.

"லண்டனிலை ஆரோடை பழகிறன், அதிலை தமிழாக்கள் ஆர் எண்டு கிழமைக்குக் கிழமை எழுதி அரசாங்கத்தின்ரை அந்தாளிட்டைக் குடுக்கவேணும். அந்த ஒப்பந்தத்திலைதான் என்னை விட்டவை. மனிசியும் மகளும் அங்கை நிக்கினம். முதல் நாளே உங்களிட்டைக் கேட்டனான், எத்தினை தமிழாக்கள் எண்டு. சொல்லியிருந்தால் அந்தப் பேரை விட்டிட்டு எழுதியிருப்பன். நீங்கள் மயிலாப்பூர் எண்டியள். பேந்து பலகையைத்தான் பாக்கவேண்டி வந்தது."

"இந்தத் தாளைத்தான் குடுத்தனீங்கள் எண்டு நான் எப்பிடி நம்பிறது?"

"நம்ப வழியில்லை," என்றார். "உங்கடை இடத்திலை நான் இருந்தாலும் நம்பமாட்டன். ஒண்டு மட்டும் செய்யுங்கோ. கச்சேரிப் புத்தகத்திலை உங்கடை பேரும் அந்தப் பிள்ளையின்ரை பேரும் வரக்கூடாது. அந்தாள் கச்சேரிக்கு வருவார்."

வத்சலா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்க நினைக்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஒட்டுத்தாளுக்குக் கீழை இருக்கிறதை ஆர் எழுதினது?"

யேசுரட்ணம் முதலில் கடை வாசலைப் பார்த்தார். "நான்."

"மேலை இருக்கிறதை?"

"அதுவும் நான்தான்."

ஜூன் மாதம், இசைக்கு அனுமதி கொடுக்கும் ஐந்து பேர் கொண்ட அரசாங்கக் குழு ஒன்றின் முன்னால் அவர் பியானோவில் அதை வாசித்துக் காட்டினாராம். சண்டை முடிந்து நாடே சந்தோஷமாக இருக்கும்போது இந்த முடிவில் ஏன் இவ்வளவு துக்கம், இது யாருக்கான துக்கம் என்று கேட்டார்களாம். "ஆருக்கான துக்கம் எண்டு கேட்டவையள் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவை. ஒரு கிழமை தந்தினம். நான் ரெண்டு நாளிலை ட்ரம்பெட்டைப் போட்டுக் குடுத்திட்டன். மொஸ்கோவிலை எங்களுக்குப் படிப்பிச்ச மனிசனும் இதைத்தான் செய்தவர். கடைசிப் பக்கத்தை அவையளுக்குக் குடுத்திட்டு மிச்சத்தைக் காப்பாத்துறது."

"அப்ப ஏன் பழசைக் கிழிச்சு எறியேல்லை? அதுக்கு மேலை ஏன் ஒட்டினனீங்கள்?"

"நான் அதைக் கேட்டதில்லை தங்கச்சி. பியானோவிலை வயோலாவின்ரை சத்தம் வராது. கேக்காமல் எப்பிடிக் கிழிக்கிறது?"

அன்றிரவு ஞானேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாக் கதை சொல்லத் தெரிஞ்ச ஆள்," என்றார். வத்சலா மறுத்துப் பேசவில்லை. பாதி மனம் அவளுக்கும் அதையே சொன்னது. ஆனால் அடுத்த நாள் ஞாயிறு முழுவதும் ஸ்கோரை ஜன்னலில் வைத்துப் பிடித்து, பென்சில் எழுத்தை ஒவ்வொரு குறியாகப் பார்த்துப் புதுத்தாளில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு ரூத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

கச்சேரி ஒக்டோபர் இருபத்து நான்காம் தேதி மாலை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசி ஒத்திகை. சுவரொட்டியில் இப்போது 'மூன்று நாடுகளிலிருந்து வரும் இசை' என்று இருந்தது. அதுவரை இருந்ததைக் கழற்றிய இடத்தில் பசை மட்டும் காய்ந்திருந்தது. வத்சலா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் வாங்கினாள். யேசுரட்ணத்தின் முன்னாலும் கூடையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் தன்னுடையதைப் போட்டார். கோட்டுப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பார்த்தாள்.

ரூத் கதவுகளைப் பூட்டினார். "கடைசிப் பக்கத்துக்குப் பதிலாக வத்சலா தரும் தாளை வையுங்கள்," என்றார். "இன்று மாலை வழக்கமான முடிவைத்தான் வாசிப்போம். இதை இப்போது மட்டும். ஏன் என்று கேட்க வேண்டாம். வெளியே பேசவும் வேண்டாம்."

வாசித்தார்கள். ட்ரம்பெட்காரர்கள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வயோலாக்கள் நீண்ட சுரங்களைப் பிடித்தபடி நிற்க, துஷ்யாவின் கிளாரினெட் அதன்மேல் ஏறி, தயங்கி, இறங்கியது. வத்சலாவுக்கு அது யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வராமல், கூப்பிடுகிற குரலே தேய்ந்து போனது. முகாமில் இருக்கும் தம்பியை அவள் அப்போது நினைக்கவில்லை. மே மாதம் அவனோடு கடலோரம் வரை வந்து, முகாமுக்கு வந்து சேராத அவனுடைய மாமியாரை நினைத்தாள். அந்த மனுஷிக்காக இதுவரை தான் அழவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

யேசுரட்ணம் மண்டபத்தின் நடுவில் தனியாக ஒரு கதிரையில் இருந்தார். நெடுநேரம் கழித்து எழுந்து வந்தார். எல்லோரும் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவருடைய முகம் பரபரப்பாக இருந்தது.

"பதினாலாவது பாரில் நான் பிழை விட்டிருக்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில். "நான்காவது வயோலாவின் சுரம் கிளாரினெட்டை மறைக்கிறது. தாளில் பார்த்தால் சரிதான். கேட்டால்தான் தெரிகிறது." பென்சிலை வாங்கி வத்சலாவின் தாளில் ஒரு குறியை அழித்து இன்னொன்றை எழுதினார். "இன்னொரு தரம் வாசிக்க முடியுமா? ஒரே ஒரு தரம்."

இரண்டாவது முறை வாசித்தபோது அந்த இடம் தெளிந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி வாய் கொள்ளாமல் சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து வத்சலா கண்டது அப்போதுதான். அதற்குப் பிறகு அவளே எல்லாத் தாள்களையும் சேகரித்து எண்ணி, தன் வயோலாப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

மாலையில் மண்டபம் நிரம்பியது. மூன்றாவது வரிசையில் சாம்பல் கோட் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருந்தார். பின்வரிசையில் சுசிலா அக்கா இருந்தார். ஏப்ரல் மழையில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வத்சலாவோடு ஒரே குடைக்குள் நின்றவர். ரூத் பழைய தலைப்பைச் சொல்லி விற்ற டிக்கெட்டில் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் வத்சலாதான். வரவேண்டாம் என்று பிறகு சொல்ல நினைத்து, என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

'புதிய காலை' கடைசியாக வந்தது. ட்ரம்பெட்டுகள் முழங்கின. முரசு அதிர்ந்தது. சாம்பல் கோட் எழுந்து நின்று கை தட்டினார். யேசுரட்ணம் மேடைக்கு வந்து குனிந்து வணங்கினார். வத்சலா பின்வரிசையைப் பார்த்தாள். சுசிலா அக்காவின் கதிரை காலியாக இருந்தது.

கூட்டம் கலையும்போது யேசுரட்ணம் சாம்பல் கோட்டோடு அவளைக் கடந்து போனார். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது போல, "நன்றாக வாசித்தீர்கள், மேடம்," என்றார் ஆங்கிலத்தில். அவளும் அப்படியே தலையசைத்தாள். திங்கட்கிழமை அவர் விமானம் ஏறினார். லண்டனில் தங்கிவிடும்படி ரூத் கேட்டுப் பார்த்ததாகவும், மனைவியையும் மகளையும் சொல்லி மறுத்துவிட்டதாகவும் பிறகு தெரிந்தது.

நவம்பர் கடைசியில் ரூத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்த மூன்று வரி. ஒலிப்பதிவு எல்லோருக்கும் பிடித்திருந்தது, நன்றி. கையெழுத்து அவருடையதுதானா என்று ரூத் அதை வத்சலாவிடம் காட்டிக் கேட்டார். ஸ்கோரில் இருந்த பெயரோடு வைத்துப் பார்த்தாள். ஒத்தும் இருந்தது, ஒவ்வாமலும் இருந்தது.

டிசம்பரில் துஷாந்தனையும் குடும்பத்தையும் முகாமிலிருந்து விட்டார்கள். தொலைபேசியில் தம்பியின் குரலைக் கேட்டு வத்சலா சமையலறை நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாராவது தன்னைப் பற்றி விசாரித்தார்களா என்று இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்றான். ஞானேஸ்வரன் சந்தோஷப்பட்டார், ஆனால் சாப்பிடும்போது, "உம்மடை யேசுரட்ணம் ஏதும் சொல்லித்தான் விட்டவையோ, இல்லாட்டி..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மாதம் ஆயிரக்கணக்கில் விட்டார்கள் என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். என்றாலும் அவர் முடிக்காமல் விட்ட வசனம் அவளுக்குள் பல நாள் கிடந்தது.

அதே மாதம் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் சுசிலா அக்காவைக் கண்டாள். கச்சேரிக்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கோயிலிலும் வேறு சிலர் முகம் திருப்பிக்கொண்டு போனதை வத்சலா கண்டிருந்தாள்.

"சுகமோ அக்கா?"

சுசிலா அக்கா முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவங்கடை ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, எக்காளம் ஊதி, முரசு அடிச்சு முடிச்சியள். நீயும் அதுக்குள்ளை இருந்து வாசிச்சாய். எங்கடை சனம் செத்து அப்ப ஆறு மாசம் ஆகேல்லை. எப்பிடி வத்சலா மனம் வந்தது?"

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒட்டுத்தாளையும், பூட்டிய மண்டபத்தையும், பதினாலாவது பாரையும் சொல்ல வாய் வந்தது. சுசிலா அக்கா நல்லவர்தான். ஆனால் அவர் இன்னொருவரிடம் சொல்வார், அந்த இன்னொருவர் இன்னொருவரிடம் சொல்வார், அது போய்ச் சேரும் இடத்தில் ஒரு மனைவியும் மகளும் இருந்தார்கள். அரிசி அடுக்கியிருந்த பக்கம் அவள் முன்பு கண்டிராத ஒருவர் நின்று, ஒரே பையில் எழுதியிருந்ததை நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நோட்டிலை அப்பிடித்தான் இருந்தது அக்கா," என்றாள் வத்சலா. "இருந்ததை வாசிச்சம்."

சுசிலா அக்கா அவளை ஒரு தரம் நேராகப் பார்த்தார். கையிலிருந்த முருங்கைக்காயைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வத்சலா தன் பையோடு வரிசையில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தபோது, அரிசிப் பையைப் படித்துக்கொண்டிருந்தவரையும் காணவில்லை. பை இருந்த இடத்திலேயே இருந்தது.